அக்கா திருப்பி எடுத்துக்கொண்ட மாட்யூல்கள்

2009 செப்டம்பர். வடக்கு லண்டனில் எட்மண்டன் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் மதுரை. லண்டன் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் விசா, வாடகை வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே அந்தக் கல்லூரி கொடுத்த ஒரு கடிதத்தை நம்பித்தான் இருந்தன. வேலை போனால் விசாவும் போகும். அந்த வருடம் எங்கே பார்த்தாலும் ஆள் குறைப்பு. காலையில் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவதும் அதைப் பற்றித்தான் இருக்கும். பின்னால் நான் செய்த காரியத்தைப் புரிந்துகொள்ள இது உதவும் என்பதால் முதலிலேயே சொல்கிறேன். கொஞ்சம் சாக்காகவும் இருக்கட்டும்.

என் வேலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கல்லூரியில் ஒன்பது கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அலமாரிக்குள் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி இருக்கும். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. அந்தக் கட்டடத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் வந்து சேருகிற இடம் அது. அங்கிருந்து தலைமைக் கட்டடத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போகும். கேபிளில் போவது வெளிச்சம், பெட்டிக்குப் புரிவது மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொடுக்க, சுண்டு விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டைப் பெட்டியில் செருகுவோம். அதற்குப் பெயர் மாட்யூல்.

பெட்டி செய்கிற கம்பெனியே மாட்யூலும் விற்கும், யானை விலைக்கு. அதே தரத்தில் வெளியார் செய்கிற மாட்யூலும் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் பெட்டி லேசுப்பட்டதில்லை. மாட்யூலுக்குள் ஒரு சின்ன நினைவகம் உண்டு. செருகிய உடனே அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும். தன் கம்பெனியின் பெயர் இல்லையென்றால், 'நீ வேண்டாம்' என்று அந்த வழியையே மூடிவிடும். 'பரவாயில்லை, இதையும் உள்ளே விடு' என்று நாம் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால்தான் திறக்கும்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் கட்டடங்களுக்கு இடையில் இருக்கும் இணைப்புகளையெல்லாம் வேகமாக்க வேண்டியிருந்தது. பட்ஜெட்டைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். வெளியார் மாட்யூல் வாங்கலாம் என்று நான்தான் மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஸ்காட்லாந்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, பொறுப்பு உன்னுடையது என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மனோர் பார்க் முருகன் கோவிலுக்குப் போனபோது அங்கே அறிமுகமான ஒருவர் மூலம்தான் அந்த அக்காவைப் பற்றித் தெரிய வந்தது. கோவிலிலிருந்து நடக்கிற தூரத்தில், வரிசை வீடு ஒன்றின் முன்னறைதான் அவருடைய கடை. யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். ஹாலந்தில் பல வருடம் இருந்து, அங்கே இந்த மாட்யூல்களைச் சோதித்துப் பார்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். கணவர் பஸ் ஓட்டுகிறார். சோபா இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு மேசை, அதன்மேல் சோதனைக் கருவிகள், சுவரோடு பிளாஸ்டிக் பெட்டிகள். நான் வாய்க்கு வாய் மேடம் என்று கூப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. நாலாவது மேடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம் எண்டு சொல்லாதேங்கோ தம்பி. அக்கா எண்டே கூப்பிடுங்கோ."

அது ஈழத்தில் போர் முடிந்த வருடம். ஊரில் அவர் குடும்பம் எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. ரோல்ஸும் தேநீரும் கொடுத்துவிட்டு மாட்யூலைப் பற்றிப் பேசினார். அப்போது ஒன்று சொன்னார். சந்தையில் பலபேர் மாட்யூலின் நினைவகத்தில் அந்தப் பெரிய கம்பெனியின் பெயரையே திருட்டுத்தனமாக எழுதி விற்கிறார்களாம். பெட்டி ஏமாந்து திறந்துவிடும், கட்டளையும் தேவையில்லை, வாங்குகிறவனுக்கு வேலை மிச்சம். இவரிடம் அது கிடையாது.

"மற்ற ஆக்களின்ரை பேரை எழுதி விக்க எனக்கு ஏலாது. இது நான் பாத்துப் பாத்து டெஸ்ட் பண்ணுற சாமான், என்ரை பேர்தான் இருக்கும். நீங்கள் அந்தக் கொமாண்டைப் போடோணும், அவ்வளவுதான்."

ஒரு வரிதானே, அதில் என்ன இருக்கிறது என்றேன். வீட்டைப் பற்றியும் விசாவைப் பற்றியும் நான்தான் அன்றைக்கு வளவளவென்று பேசினேன். கிளம்பும்போது, அரசாங்கப் பணத்தில் நடக்கிற ஒரு கல்லூரி தன்னிடம் வாங்குவது இதுதான் முதல் தடவை என்றார். இது நல்லபடியாக முடிந்தால் எங்களுடைய இரண்டாவது வளாகத்துக்கும் அவரிடமே வாங்குவதாகப் பேச்சு. அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆகஸ்டில் கட்டடம் கட்டடமாகப் போய் மாட்டினேன். எல்லாம் ஜம்மென்று வேலை செய்தது. என் மேனேஜர் என் தோளைத் தட்டினார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

செப்டம்பரில் மாணவர் சேர்க்கை நாள் வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை. நூலகக் கட்டடத்துப் பெரிய ஹாலில் நாற்பது கம்ப்யூட்டர் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஊழியர். வெளியே வாசலைத் தாண்டி வரிசை நின்றது. பத்து மணி வாக்கில், மின்வேலைக்காரர் யாரோ அதிகப்படியாக ஒரு பிளக் பாயின்ட் கொடுக்கப்போய், நூலகக் கட்டடத்தில் கரண்ட் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர்கள் உயிர்பெற்றன. நெட்வொர்க் மட்டும் வரவில்லை.

ஓடினேன். அலமாரியைத் திறந்தால் ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது, மாட்யூல் இருக்கும் இடத்தில் மட்டும் விளக்கு இல்லை. லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். 'இந்த மாட்யூலை ஏற்க முடியாது' என்று சொல்கிறது. கரண்ட் போய் வந்ததில் மாட்யூல் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அக்கா கூடுதலாகக் கொடுத்திருந்த உபரி மாட்யூல் ஒன்று பையில் இருந்தது. அதைச் செருகினேன். அதையும் ஏற்கவில்லை. ஹாலில் இருந்து சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. பின்னால் மேனேஜர் வந்து நிற்பது தெரிந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியார் மாட்யூல் போட்டிருக்கும்போது பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தால், 'முதலில் அதைக் கழற்று, பிறகு பேசு' என்பார்கள். அதனால் கம்பெனி மாட்யூல் ஒரு ஜோடியை மட்டும் காசு கொடுத்து வாங்கி, பத்திரமாக வைத்திருப்போம். ஏதாவது கோளாறு என்றால் அதைச் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரிப் போன் போடுவோம். என் ஜோடி ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. ஓடிப்போய் அதை எடுத்துவந்து ஒன்றைச் செருகினேன். பச்சை விளக்கு உடனே எரிந்தது.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவருடைய மாட்யூல் இரண்டு தோற்றன, கம்பெனி மாட்யூல் ஜெயித்தது. முக்கால் மணி நேரம் கல்லூரி முழுவதும் எங்களைத் திட்டியிருக்கிறது. மேனேஜர் என்ன காரணம் என்று கேட்டார். மாட்யூல் என்றேன். ஆபீசுக்கு வந்ததும், உடன் வேலை செய்கிற இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டேன். ஆங்கிலத்தில் பேசினேன். தமிழில் திட்டினால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? மலிவுச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள், இருபதையும் திருப்பி அனுப்பப்போகிறோம், உங்களை நம்பியது என் தப்பு என்றெல்லாம் பேசினேன். அவரை மறுபடியும் மேடம் ஆக்கியிருந்தேன்.  அவர் நாளைக்கு வந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

கொள்முதல் பிரிவு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கேட்டது. மாட்யூல்தான் பழுது என்று உறுதியானால், அவர் பெயரைக் கல்லூரியின் விற்பனையாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஒரு கல்லூரி நீக்கினால் மற்ற கல்லூரிகளுக்கும் அது தெரியவரும். அன்றைக்கே உட்கார்ந்து முக்கால்வாசி அறிக்கையை எழுதி முடித்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன்.

புதன்கிழமை காலையில் அக்கா இரண்டு ரயில் மாறி வந்தார். தோளில் ஒரு பை, முகத்தில் தூக்கமே இல்லை. நூலக அலமாரிக்கு அழைத்துப் போனேன். மேனேஜரும் கூட வந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா முதலில் கேட்டது, தலைமைக் கட்டடத்துப் பக்கம் எந்த மாட்யூல் இருக்கிறது என்று. அந்தப் பக்கம் இன்னும் அவருடையதுதான், வேலை செய்கிறது என்றேன். 'ம்' என்றார். பழுது என்று நான் கழற்றி வைத்திருந்த மாட்யூலை வாங்கி, பக்கத்துக் கட்டடத்து ஸ்விட்சில் காலியாக இருக்கிற ஓர் இடத்தில் செருகிப் பார்க்கலாமா என்றார். போனோம். செருகினார். ஸ்விட்ச் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. உபரியாகக் கொடுத்ததும் அப்படியே.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது, அதுதானே மலிவுச் சரக்கின் லட்சணம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அக்கா மாட்யூலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, தமிழில் கேட்டார்.

"தம்பி, லைப்ரரியிலை இருக்கிறதிலையும் அந்தக் கொமாண்ட் போட்டனீங்களோ?"

"எல்லாத்துலயும் போட்டிருக்கேன் மேடம்" என்றேன், பட்டென்று. என் வேலையை எனக்கே சொல்லித்தருகிறாரா என்ற கோபம்.

அவர் மேனேஜரை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். மேனேஜர் ஆங்கிலத்தில், மாட்யூல் பழுதா இல்லையா என்று நேரடியாகவே அவரைக் கேட்டார். பழுது என்றும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் நான் எடுத்துக்கொண்டு போகிறேன், மற்றவற்றை நீங்கள் எப்போது சொன்னாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். இரண்டு மாட்யூலையும் உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அறிக்கையை முடிக்க உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டடத்தில் ஏன் வேலை செய்தது என்பதற்கு ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. ஏதாவது தொழில்நுட்பமாக எழுதலாம் என்று இரண்டு ஸ்விட்சின் அமைப்புகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் அந்த வரி இருந்தது. நூலகத்து ஸ்விட்சில் இல்லை.

ஸ்விட்சில் கட்டளை கொடுத்தால் உடனே வேலை செய்யும். ஆனால் அதைத் தனியாகச் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் ஸ்விட்ச் அதை மறந்துவிடும். ஆகஸ்டில் நூலகத்தில் நான் கட்டளை கொடுத்த நேரத்தில் தீயணைப்பு மணிச் சோதனை வந்தது. எல்லோரும் வெளியே போனோம். திரும்பி வந்து பார்த்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டேன். ஸ்விட்சுக்கு அக்காவின் பெயர் ஆறு வாரம் மட்டுமே சம்மதமாக இருந்திருக்கிறது. கம்பெனி மாட்யூலுக்குக் கட்டளையே தேவையில்லை, அதனால்தான் அது உடனே ஏறியது. அக்காவுக்கு எதிராக நான் வைத்திருந்த அத்தனை சாட்சியும் எனக்கு எதிரான சாட்சி.

 வெளியே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, தப்பு என்னோடது. நான் சேவ் பண்ணாம விட்டிருக்கேன்."

"தெரியும் தம்பி" என்றார். காலையிலேயே தெரிந்துவிட்டதாம். பக்கத்து ஸ்விட்ச் ஏற்றுக்கொண்ட உடனே.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கேட்டனான்தானே. உங்கட மனேஜர் பக்கத்திலை நிண்டவர், அவருக்கு முன்னாலை இதுக்கு மேலை எப்பிடிச் சொல்லுறது? வேலை போனா விசாவும் போயிடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நாங்களும் ஹொலண்டிலை எட்டு வருசம் ஒருத்தற்றை கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தனாங்கள். அது என்னெண்டு எனக்குத் தெரியும். எனக்கு இந்த ஓடர் இல்லாட்டி இன்னொண்டு தேடலாம். நீங்கள் எழுத இருந்ததை எழுதுங்கோ."

அவர் கணவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் சொல்லேல்லை என்றார். 

உடனே மேனேஜர் அறைக்கு ஓடினேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஓடவில்லை. புதன் மாலை வீட்டுக்குப் போனேன். மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டினாள். வியாழக்கிழமை முழுவதும் அறிக்கையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவரே எழுதச் சொல்லிவிட்டார், பிறகு என்ன என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன் தெரியாது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கொள்முதல் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பழுது உறுதிதானே, பெயரை நீக்கிவிடலாமா, ஆம் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று கேட்டிருந்தார்கள். அதில் அக்காவின் முழுப் பெயர் இருந்தது. அதுவரை நான் அவர் பெயரை முழுசாகப் படித்ததே இல்லை. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஆம் என்று எழுத என் கை வரவில்லை.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். சேமிக்க மறந்ததற்கு அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, யாருக்கும் நடக்கும் என்றார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எப்போது தெரியும் என்று. புதன்கிழமை என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அது மறதிக்காக இல்லை, அந்த இரண்டு நாளுக்காக என்று தெளிவாகவே எழுதியிருந்தார். வேலையை எடுக்கவில்லை. பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, உண்மையை நீயே எழுது என்றார்.

எழுதி அனுப்பிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அதே இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில்தான் பேசினேன். தப்பு என்னுடையது, உங்கள் மாட்யூலில் ஒரு குறையும் இல்லை, அன்றைக்கு நான் பேசியது அத்தனைக்கும் மன்னித்துவிடுங்கள் என்றேன்.  அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் ஒரே ஒரு கேள்வி.

"வேலை இருக்குதோ தம்பி?"

இருக்கு அக்கா என்றேன்.  பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் அந்த இரண்டு மாட்யூலும் தபாலில் திரும்பி வந்தன. கூடவே மஞ்சள் தாளில் ஒரு வரி: 'இந்த முறை சேவ் பண்ணினனீங்களோ?' இரண்டாவது வளாகத்துக்கும் அவரிடமேதான் வாங்கினோம். நாற்பது மாட்யூல். இன்றுவரை ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்று அங்கே இன்னும் வேலை பார்க்கிற நண்பர் சொல்கிறார்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும், கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாயே என்று என்னைத் தேற்றுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு: அதிகம் பழக்கமில்லாத எனக்காகத் தன் பெயரை இழக்கத் துணிந்து ஒருவர் மனோர் பார்க்கில் காத்திருந்த அந்த இரண்டு நாளும், நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போய் வந்தேன்.